கெட்டிமேளம் பிந்திய கதை

சாரல் காலத்தில் குற்றாலத்துக்குப் போகிறவர்கள் அருவியில் குளிக்கப் போகிறார்கள். நாமும் அந்த உத்தேசத்துடன்தான் ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை தென்காசியில் ரயிலை விட்டு இறங்கினோம். ஆனால் போய்ச் சேர்ந்த அன்று நமக்கு அருவி ஸ்நானம் கிட்டவில்லை. ஒரு கல்யாணத்தில் தாலி கட்டி நான்கு விநாடி கழித்துக் கெட்டிமேளம் கொட்டிய விபரீதத்தை விசாரிப்பதிலேயே பொழுது போய்விட்டது.

நேயர்கள் திடுக்கிட வேண்டாம். கல்யாணம் நடந்தது 1990ஆம் ஆண்டு ஆவணியில். நெடுங்காலம் மொட்டையாக நின்ற தென்காசி விசுவநாதர் கோயில் ராஜகோபுரம், ஒன்பது நிலைகளுடன் புதிதாக எழுந்து கும்பாபிஷேகம் கண்டதும் அதே ஆண்டில்தான். அன்று கெட்டிமேளம் க்ஷணமும் பிசகாமல் கொட்டியது. அட்சதை போட்ட கைகளில் நம்முடைய கையும் ஒன்று என்பதால் இதற்கு நாமே சாட்சி. மணமக்களும் சௌக்கியமாக வாழ்ந்து, இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். அன்று பிசகாத மேளம், அந்தக் கல்யாணத்தைப் பிடித்து வைத்திருந்த வீடியோ காஸெட்டைக் கம்ப்யூட்டர் கோப்பாக மாற்றியபோது பிசகிவிட்டது.

மாப்பிள்ளை நமது நெடுநாளைய நண்பர். அவர் வீட்டுக் காஸெட்டில் இரண்டரை மணி நேரம் கல்யாணம் இருக்கிறது. அதைப் போட்டுப் பார்க்கும் யந்திரம் பழுதாகிப் பல ஆண்டுகள் ஆயின. புதிதாக வாங்கலாம் என்றால், கடைசி வரையில் அந்த யந்திரத்தைச் செய்து வந்த ஜப்பானியக் கம்பெனியாகிய புனாய், 2016ஆம் ஆண்டு ஜூலை மாதத்தோடு உற்பத்தியை நிறுத்திவிட்டது. போதாக்குறைக்குக் குற்றாலச் சாரல் மனிதருக்கு எவ்வளவு இதமோ, அவ்வளவுக்குக் காந்த நாடாவுக்கு விரோதி. ஈரம் ஏறிய நாடாவில் வெண்பூஞ்சை படர்ந்துவிடும். ஆகவே நண்பர் காஸெட்டை ஒரு கடையில் கொடுத்துக் கோப்பாக மாற்றி வாங்கி வந்தார்.

இதில் அவசரம் இன்னொன்றும் இருந்தது. நண்பரின் மனைவிக்குச் சில ஆண்டுகளாகக் காது மந்தம். எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டால்தான் அவருக்குப் பேச்சு விளங்கும். அந்தக் காஸெட்டின் இரண்டாம் மணி அளவில், அவருடைய ஆச்சி மணப்பெண்ணின் கன்னத்தைத் தடவி நாலு வார்த்தை சொல்லி, ஒரு நலங்குப் பாட்டும் பாடுகிறார். ஆச்சி அதற்கு இரண்டு வருஷம் கழித்துக் காலமாகிவிட்டார். அவருடைய குரல் உலகத்தில் வேறு எங்கும் பதிவாகி இருக்கவில்லை.

நாம் போய் உட்கார்ந்ததும் அந்த அம்மாள் சொன்னார்: "அண்ணாச்சி, ஆச்சி வாய் ஒன்று சொல்லுது, சத்தம் வேறொன்று சொல்லுது. எனக்கு ஒரு எழுத்துக்கூட விளங்கவில்லை."

நண்பர் கடைக்குப் போய்க் கேட்டிருக்கிறார். கடையில் இருந்த இளைஞர், "முதலிலும் பார்த்தேன், முடிவிலும் பார்த்தேன். இரண்டு இடத்திலும் சரியாகத்தான் இருக்கு, அண்ணாச்சி. நாடாவே அப்படி இருந்திருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் பொய் சொல்லவில்லை என்று பிற்பாடு தெரிந்தது. ஆனாலும் அவர் சொன்னது சரியில்லை. அது எப்படி என்பதுதான் இந்த வாரத்து விஷயம்.

* * *

முதலில் ஒரு சங்கதியைத் தெளிவு செய்துகொள்ள வேண்டும். சினிமாப் படத்திலும் சரி, காஸெட்டிலும் சரி, படமும் ஒலியும் ஒரே நாடாவில் ஏறிச் செல்கின்றன. 1931ஆம் ஆண்டில் 'காளிதாஸ்' வந்து தமிழ்நாட்டுத் திரை பேச ஆரம்பித்தது. பேசும் படத்தின் பிலிம் சுருளில் படச்சட்டங்களின் ஓரத்தில் ஒலி ஒரு கோடாக ஓடும். விநாடிக்கு 24 சட்டங்கள் என்ற வேகமும் பேசும் படத்தோடு நிலைபெற்றது. சுருள் வேகமாக ஓடினால் இரண்டும் சேர்ந்து வேகமாக ஓடும். நின்றால் இரண்டும் சேர்ந்து நிற்கும். கதாநாயகி கீச்சுக் குரலில் பாடலாமே தவிர, உதடு ஒரு பக்கமும் பாட்டு ஒரு பக்கமுமாகப் பிரிவது அபூர்வம்.

பிரித்துச் சேர்க்கும் வேலையில்தான் ஆபத்து ஆரம்பமாகிறது. 1938ஆம் ஆண்டில் ஏவி. மெய்யப்பச் செட்டியார் 'நந்தகுமார்' படத்தில் ஒருவர் நடிக்க மற்றொருவர் பாடும் பின்னணி முறையைக் கையாண்டார். 1944ஆம் ஆண்டில் கன்னட 'ஹரிச்சந்திரா'வைத் தமிழ் பேச வைத்தார். கன்னடத்துக்கு அசைந்த வாயில் தமிழைப் பொருத்தியவர்கள் பட்ட சிரமத்தை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். படப்பிடிப்பின்போது ஒவ்வொரு காட்சியின் தொடக்கத்திலும் ஒரு பலகையைப் 'பட்' என்று தட்டுகிறார்களே, அது வெறும் சம்பிரதாயம் என்று பலர் எண்ணுகிறார்கள். பலகை மூடுகிற சட்டமும் 'பட்' என்ற ஓசையும் ஒன்றாக விழும்படி அமைத்தால், பிறகு வரும் வசனமெல்லாம் தானாகவே பொருந்திவிடும். அதற்காகத்தான் அந்தத் தட்டு.

கம்ப்யூட்டர் கோப்பில் படம் ஒரு வரிசையாகவும் ஒலி மற்றொரு வரிசையாகவும் தனித்தனியே வைக்கப்படுகின்றன. இரண்டையும் பிணைத்து வைப்பது கடிகாரக் கணக்கு ஒன்றுதான். இந்தப் படச்சட்டம் இத்தனையாவது விநாடிக்கு, இந்த ஒலித்துணுக்கு இத்தனையாவது விநாடிக்கு என்ற குறிப்பு சரியாக இருந்தால் கல்யாணம் சரியாக நடக்கும். குறிப்பு தவறினால் கெட்டிமேளம் தவறும்.

* * *

கோப்பைத் திரையில் ஓட்டிப் பார்த்தோம். மாப்பிள்ளை அழைப்பு சரியாக இருந்தது. நாதஸ்வரக்காரரின் விரலும் ஸ்வரமும் பொருந்தின. தவில்காரரின் கை விழுந்த இடத்தில் ஓசையும் விழுந்தது. மாலை மாற்றும் இடம் வந்ததும் படம் இரண்டு மூன்று தரம் வெட்டி வெட்டி இழுத்தது. அதற்குப் பின், தாலி முடிச்சு விழுந்து நான்கு விநாடி சென்ற பிறகு, எல்லாரும் அட்சதை போட்டு ஓய்ந்த நிலையில் கெட்டிமேளம் முழங்கியது! அங்கிருந்து ஒரு மணி நேரம் அதே நான்கு விநாடி தாமதம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆச்சி வருகிற இடத்தில் மறுபடியும் படம் வெட்டியது. தாமதம் ஏழு விநாடி ஆயிற்று. கடைசி வரையில் ஏழுதான்.

கடைசிக் காட்சி என்ன தெரியுமா? மறுநாள் மணமக்களையும் சுற்றத்தாரையும் ஐந்தருவிக்கு அழைத்துப் போய் எடுத்த படம். பத்து நிமிஷம் அருவி 'ஹோ' என்று கொட்டுகிறது. அந்த இரைச்சலுக்கு ஆரம்பமும் இல்லை, முடிவும் இல்லை. ஏழு விநாடி என்ன, எழுபது விநாடி பிந்தினாலும் அருவியின் ஓசை அருவியின் ஓசைதான். கடைக்கார இளைஞர் முதலில் பார்த்தது மாப்பிள்ளை அழைப்பு, முடிவில் பார்த்தது அருவி. அவர் எப்படிக் குற்றத்தைக் கண்டுபிடித்திருக்க முடியும்?

ஆகவே பொருத்தத்தைச் சோதிக்க வேண்டுமானால் 'டக்' என்று விழும் ஓசை வேண்டும். தவில் அடி, கைதட்டு, தேங்காய் உடைப்பது, கதவு சாத்துவது, ஏதாவது ஒன்று போதும். அதையும் ஆரம்பத்தில் ஓர் இடம், நடுவில் இரண்டு இடம், முடிவில் ஓர் இடம் என்று பார்க்க வேண்டும்.

இந்த விஷயத்தில் மனிதக் கண்ணும் காதும் விசித்திரமானவை. ஓசை சிறிது பிந்தினால் பொறுத்துக்கொள்கின்றன; முந்தினால் பொறுப்பதில்லை. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998ஆம் ஆண்டு வகுத்த அளவின்படி, ஓசை ஒரு விநாடியில் ஆயிரத்தில் 45 பங்கு முந்தினாலே மனிதர் கண்டுகொள்கிறார்கள். பிந்துவதானால் ஆயிரத்தில் 125 பங்கு வரையில் விட்டுக்கொடுக்கிறார்கள். காரணத்தைச் சிற்றாற்றங்கரையில் நின்றால் காணலாம். அக்கரையில் துணி துவைக்கிறவர் கல்லில் அடிப்பது முதலில் கண்ணுக்குத் தெரியும். ஓசை பின்னால் வந்து சேரும். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் நடக்கிறது. 170 மீட்டர் தூரத்தில் இருந்தால் அரை விநாடி தாமதம். இடி எப்போதும் மின்னலுக்குப் பின்னாலேதான் வருகிறது. ஓசை காட்சிக்கு முன்னால் வருவது இயற்கையில் கிடையாது. ஆனால் நான்கு விநாடியையும் ஏழு விநாடியையும் எந்தக் காதும் மன்னிக்காது.

* * *

இனி, நோய்க்குக் காரணம். இந்தியாவில் வீடியோ காஸெட்டில் விநாடிக்கு 25 படச்சட்டங்கள். ஒரு சட்டத்தின் ஆயுள் ஒரு விநாடியில் 25இல் ஒரு பங்கு. நாடா தேய்ந்த இடத்தில் படம் கலங்கும்போது, கம்ப்யூட்டருக்கு வாங்கிக் கொடுக்கும் கருவி அந்தச் சட்டத்தை 'இல்லை' என்று தள்ளிவிட்டு அடுத்த சட்டத்துக்குப் போய்விடுகிறது. நாடாவின் ஓரத்தில் செல்லும் ஒலித்தடத்தையோ வேறொரு தலை படிக்கிறது. அது பாட்டுக்கு ஒழுங்காக நடந்துகொண்டே இருக்கும். 100 சட்டங்கள் தொலைந்தால் படம் நான்கு விநாடி குறுகும். குறுகிய படம் முன்னால் ஓட, ஒலி நான்கு விநாடி பின்தங்கும். இன்னும் 75 தொலைந்தால் மொத்தம் ஏழு விநாடி. கணக்கு அப்படியே ஒத்துப் போகிறது.

நாடா ஏன் அந்த இரண்டு இடத்தில் மட்டும் தேய வேண்டும்? நாம் நண்பரைக் கேட்டோம். அவர் கொஞ்சம் வெட்கத்துடன் மனைவியைப் பார்த்தார். யந்திரம் வீட்டில் இருந்த காலத்தில் அவர் மாலை மாற்றுகிற கட்டத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்ப்பாராம். அந்த அம்மாள் ஆச்சி பேசுகிற கட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாராம். இரண்டு பேரும் ஆசையாகப் பார்த்தே அந்த இரண்டு இடங்களையும் தேய்த்திருக்கிறார்கள்.

நண்பரின் மருமகன் ஒருவர் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவர். அவர் இதற்கு முன்பே ஒரு சிகிச்சை செய்து பார்த்திருந்தார். ஒலி ஏழு விநாடி நீளமாக இருக்கிறது. ஆகவே இரண்டரை மணி நேர ஒலியையும் சீராகச் சுருக்கி ஏழு விநாடி குறைத்துவிட்டார். விளைவு என்ன? அதுவரையில் ஒழுங்காக இருந்த மாப்பிள்ளை அழைப்பும் கெட்டது; தாலி கட்டும்போது ஒரு விநாடிக்கு மேல் இன்னும் தாமதம் இருந்தது. ஐந்தருவி மட்டும் அணுவளவும் பிசகாமல் பொருந்தியது. அங்கே பொருத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒருவருக்கும் தெரியப் போவதில்லை!

அவரைக் குறை சொல்வதற்கில்லை. அவர் செய்த சிகிச்சை வேறொரு நோய்க்கு உரியது. நோய் மூன்று வகை. ஆரம்பம் முதல் முடிவு வரையில் ஒரே அளவு தாமதம் இருந்தால், ஒலியை அந்த அளவுக்கு முன்னால் நகர்த்தினால் போதும். தாமதம் வர வர ஒரே சீராக வளர்ந்தால், வேகக் கணக்கில் பிசகு என்று பொருள். அங்கேதான் நீட்டுவதும் சுருக்குவதும் பொருந்தும். படிப்படியாகத் தாவினால், நடுவில் சட்டங்கள் தொலைந்திருக்கின்றன. அதற்கு நகர்த்தலும் உதவாது, சுருக்கலும் உதவாது.

வேகக் கணக்கின் பிசகுக்கும் உதாரணம் சொல்லிவிடுகிறோம். விநாடிக்கு 24 சட்டமாக எடுத்த இரண்டரை மணி நேரப் பேசும் படத்தை 25 சட்டமாக ஓட்டினால் 144 நிமிஷத்தில் முடிந்துவிடும். ஒலியும் கூடவே வேகமாக ஓடுவதால் பாடகரின் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை உயரும். ஒலியை மட்டும் பழைய வேகத்தில் விட்டுவிட்டால், கதை முடிந்து திரை இருண்ட பிறகும் ஆறு நிமிஷம் வசனம் கேட்டுக்கொண்டிருக்கும். அமெரிக்க முறையில் விநாடிக்கு 30 என்று சொல்லப்படுவது உண்மையில் 29.97. அதை 30 என்றே கொண்டால் மணிக்கு மூன்றரை விநாடிக்குச் சற்று அதிகமாகப் பிசகும். ஒலியிலும் இப்படி உண்டு. வீடியோவின் ஒலி விநாடிக்கு 48,000 துணுக்குகளாக அளக்கப்படுகிறது. இசைத்தட்டின் ஒலி 44,100. முன்னதைப் பின்னதாகத் தவறாக எண்ணி ஓட்டினால், ஒரு மணி நேர ஒலி 65 நிமிஷத்துக்கு மேல் இழுக்கும்.

* * *

படிப்படியாகத் தாவும் நோய்க்கு மருந்து கோப்பில் இல்லை, காஸெட்டில்தான் இருந்தது. நாடாவில் படமும் ஒலியும் இன்னும் ஒன்றாகவே இருந்தன. நல்ல வேளையாக நண்பர் அதைப் பழைய சாமானுடன் போடாமல் வைத்திருந்தார். மருமகனுடன் தொலைபேசியில் பேசி, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பது என்று தீர்மானமாயிற்று. அந்த வேலை ஆவணியில் நடந்தது.

நாடாவை ஒரு தரம் முழுதும் முன்னும் பின்னும் ஓட்டித் தளர்ச்சியை நீக்கினார்கள். யந்திரத்தின் தலையைத் துடைத்தார்கள். யந்திரத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே, கலங்கி வரும் சட்டங்களை நிதானப்படுத்தி ஒழுங்காக அனுப்பும் காலத்திருத்தக் கருவி ஒன்றை வைத்தார்கள். அப்படியும் ஒரு சட்டம் வராவிட்டால், முந்திய சட்டத்தையே மறுபடியும் இட்டு இடத்தை நிரப்பும்படி கம்ப்யூட்டருக்கு உத்தரவிட்டார்கள். இதுதான் முக்கியம். தொலைந்த சட்டத்தை யாராலும் மீட்க முடியாது. ஆனால் அதற்கு உரிய காலத்தைக் காலியாக விடாமல் காக்க முடியும். இப்படி வாங்கிய முதற் கோப்பை, பெரிதாக இருந்தாலும் அப்படியே பத்திரப்படுத்திவிட்டு, சுற்றத்தாருக்கு அனுப்பும் சிறிய கோப்புகளை அதிலிருந்து எடுத்தார்கள்.

வீட்டில் கைபேசியில் படம் எடுக்கும் நேயர்களுக்கும் இந்தப் பாடம் உதவும். கைபேசி பெரும்பாலும் விநாடிக்கு ஒரே எண்ணிக்கையாகச் சட்டங்களைப் பிடிப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் சட்டமும் குறையும். எம்பி4 போன்ற கோப்பு ஒவ்வொரு சட்டத்துக்கும் அதற்குரிய நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்வதால், அங்கே தொந்தரவு இல்லை. 1992ஆம் ஆண்டில் வந்த ஏவிஐ என்ற பழைய வடிவமோ, எல்லாச் சட்டமும் ஒரே சீரான இடைவெளியில் வருகின்றன என்று நம்பிவிடும். முன்னதைப் பின்னதாக மாற்றினால் ஒலி விலகுவதில் வியப்பில்லை. ஹேண்ட்பிரேக் போன்ற இலவசக் கருவிகளில் 'மாறாத சட்ட வேகம்' என்று ஒரு தேர்வு உண்டு. மாற்றும்போது அதைத் தேர்ந்தால் தீங்கு தீரும்.

இன்னொன்று. கோப்பின் வடிவம் என்பது பாத்திரம். உள்ளே இருக்கும் படமும் ஒலியும் பண்டம். பாத்திரம் ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்காகச் சமைத்த பண்டத்தை மறுபடியும் அடுப்பில் ஏற்ற வேண்டியதில்லை. பண்டத்தைத் தொடாமல் பாத்திரத்தை மட்டும் மாற்றும் வசதி எப்எப்எம்பெக் என்ற கருவியில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரரான பேப்ரிஸ் பெல்லார் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய கருவி அது. இன்று உலகமெங்கும் இலவசமாகப் புழங்குகிறது. மறுசமையல் இல்லாவிட்டால் நேரமும் மிச்சம், படமும் மங்காது, ஒலி விலகவும் இடம் குறைவு.

* * *

ஆவணி முடிவில் நண்பர் கடிதத்தோடு புதிய கோப்பையும் அனுப்பியிருந்தார். மாலை மாற்றும் இடத்தில் படம் சில க்ஷணங்கள் சித்திர சபைச் சுவரோவியம் போல அசையாமல் நிற்கிறது, பிறகு நகர்கிறது. தாலி முடிச்சு விழுகிறது. கெட்டிமேளம் அதே க்ஷணத்தில் கொட்டுகிறது. கூட்டத்தில் ஓரமாக நாமும் கறுத்த தலையுடன் நின்று அட்சதை போடுகிறோம்.

ஆச்சி சொன்ன நாலு வார்த்தை என்ன என்பதை நண்பர் கடிதத்தில் எழுதவில்லை. "அவள் தினம் இரண்டு தரம் பார்க்கிறாள். எனக்கு மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறாள்" என்றுதான் எழுதியிருக்கிறார். எத்தனை தரம் பார்த்தாலும் இனித் தேய்வதற்கு ஒன்றுமில்லை.

நேயர்களில் பலருடைய பரண்களில் இப்படிப்பட்ட காஸெட்டுகள் தூங்கிக்கொண்டிருக்கும். அவற்றை ஓட்டக்கூடிய யந்திரங்கள் குறைந்து வருகின்றன. நாடாவும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் நலிந்து வருகிறது. மாற்றுவதை ஒத்திப்போட வேண்டாம். மாற்றி வாங்கியதும் கெட்டிமேளத்தில் ஒரு தரம் பாருங்கள். நடுவில் யாராவது பேசும் இடத்தில் ஒரு தரம் பாருங்கள். அது வரையில் காஸெட்டை யாரும் எறிந்துவிடாதபடி அலமாரிச் சாவி உங்களிடமே இருக்கட்டும்.